செவிக்கேற்ற அம்பிளிபையர்

எசல பெரஹெராவில் மெல்லெழுந்து விண்ணதிர முழங்கும் கண்டி மேளத்தை இல்லத்திலிருந்தே ஒலிப்பதிவில் சுவைக்க விரும்புவோர் சிலர், உயர்விலை ஹெட்போனை வாங்கியும் ஒலி மெலிந்திருக்கக் கண்டு மயங்குவர். குறை ஹெட்போனில் இல்லை. அதனை இயக்கும் ஆற்றல் போதாமையே காரணமாம்.

ஒலி 20 டெசிபல் உயர 100 மடங்கு ஆற்றல் வேண்டும். 10 மில்லிவாட் ஆற்றல் பெற 32 ஓம் ஹெட்போனுக்கு 0.57 வோல்ட் போதும். 300 ஓம் ஹெட்போனுக்கோ 1.73 வோல்ட் தேவை. கைத்தொலைபேசிகள் பல ஒரு வோல்ட்டளவில் நின்றுவிடும்.

ஆதலின், அம்பிளிபையர் வாங்குவோர் இரண்டை வினவுதல் வேண்டும். தம் ஹெட்போனுக்கு வேண்டிய வோல்ட்டை அது தருமா? அதன் வெளியீட்டுத் தடை, ஹெட்போனின் தடையில் எட்டில் ஒன்றுக்கு மேற்படாதிருக்கிறதா? இவ்விரண்டும் பொருந்தி, இரைச்சலும் இல்லையாயின், எளிய விலைக் கருவியே போதுமானது. அழகிய பெட்டிக்கெனக் கடன்பட வேண்டுவதில்லை.

கண்டி மலைப்புறத்தில் மாலை இடி முழங்கும் ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் மின்னிணைப்பைக் கழற்றி வைத்தல் நன்று. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்போர்க்கு 80 டெசிபலே எல்லையென உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. பழுதான அம்பிளிபையரை மாற்றலாம். பழுதான செவியை மாற்றுதல் இயலாது.