கல்நாரும் அதன் உறவினமும்



மும்பையில் பாண்டுப் குன்றின் சரிவிலே நெருங்கி நிற்கும் வீடுகளைப் போன்ற எளிய குடியிருப்புகள் பலவற்றுக்குச் சாம்பல் நிற சிமெண்டு ஷீட்டே கூரை. ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் வழங்கும் அந்தத் தகட்டில் பெரும்பகுதி சிமெண்டு. நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பங்கு கல்நார். இக்கல்நார் ஒரு கனிமப் பாலிமர்.

சிறு அணுக்கூட்டம் ஒன்று மீண்டும் மீண்டும் கோக்கப்பெற்று உண்டாகும் பெருமூலக்கூறே பாலிமர். பாலித்தீனில் அதன் முதுகெலும்பாக நிற்பவை கரி அணுக்கள். அவ்விடத்தில் வேறு தனிமங்கள் நிற்குமாயின் அது கனிமப் பாலிமர் எனப்படும்.

இதனை அறிஞர் இருவழியாக வகுப்பர். ஒன்று, முதுகெலும்பின் தனிமங்களை நோக்கியது. உருக்கிய கந்தகத்தைக் குளிர்நீரில் ஊற்றினால் கிடைக்கும் ரப்பர் போன்ற பொருளில் கந்தகம் மட்டுமே தொடராக நிற்கும். சிலிக்கோனிலோ சிலிக்கானும் பிராணவாயுவும் மாறிமாறி நிற்கும்.

மற்றொன்று, பிணைப்பின் வடிவை நோக்கியது. சிலிக்கேட்டுகளில் ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு பிராணவாயு அணுக்கள் நான்கு மூலைகளாக அமையும். இரு மூலைகள் அண்டை அலகுகளோடு இணைந்தால் சங்கிலி. மூன்று இணைந்தால் தகடு. நான்கும் இணைந்தால் முப்புறமும் பரவிய வலை. காக்காய்ப்பொன் தகடு, ஆதலின் ஏடு ஏடாக உரியும். படிகக்கல் வலை, ஆதலின் கடினமானது. நீலக் கல்நார் இரட்டைச் சங்கிலி. கூரைக்குப் பயன்படும் வெண்கல்நாரோ, மக்னீசியப் படலத்தோடு ஒட்டிய தகடு அளவு பொருந்தாமல் குழலாகச் சுருண்டது. ஆகவே இவ்விரண்டும் நுண்ணிய இழைகளாகப் பிரிகின்றன.

நெருப்புக்கு அஞ்சாத அவ்விழை மூச்சோடு நுரையீரலிற் புகுந்தால் பல்லாண்டுகள் தங்கும். புற்றுநோய் தோன்ற இருபது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. இதனாலேயே 1995-இல் நம் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலக் குறிப்புகளை வேலையில் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகள், அல்லது வேலை நீங்கிய பின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது.

உடையாத கூரை எளிதில் இழையை உதிர்ப்பதில்லை. அதை அறுத்தலும், துளையிடுதலும், உடைத்தலுமே தீங்கு. மழைக்காலத்துக்கு முன் கூரையைச் செப்பனிடுவோர் உலர்ந்த ஷீட்டை அறுக்கலாகாது. உதிர்ந்த தூளை விளக்குமாற்றால் பெருக்காமல், நீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். சிறுவரை அருகே விடலாகாது. புதிதாகக் கூரை வேய்வோர் கல்நார் கலவாத தகட்டைக் கேட்டு வாங்குவதே நன்று.