பட்டியிலிருந்து ஊருக்கு: தென்னகப் புதிய கற்காலம் எழுப்பும் கேள்விகள்

 

புதிய கற்காலப் புரட்சி என்ற கருத்தை கார்டன் சைல்டு 1936-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துரைத்தார். முதலில் உழவு, அதன்பின் ஊர் என்ற வரிசை அன்றிலிருந்து நம் மனங்களில் ஊன்றிவிட்டது. ஆனால் மேற்காசியாவின் நட்டூபிய மக்கள், பயிர்த்தொழில் வேரூன்றுவதற்கு முன்பே கல் அடித்தளமிட்ட குடில்களில் தங்கி வாழ்ந்தார்கள். அங்கேயே பிறழும் அந்த வரிசையைத் தென்னகத்தின்மீது எப்படிச் சுமத்துவது?

நம் பகுதியின் புதிய கற்காலம் ஏறத்தாழ கி.மு. 3000 முதல் 1200 வரை நீள்கிறது. அதன் தொடக்கத்தில் நாம் காண்பவை சாம்பல் மேடுகள். கர்நாடகத்திலும் ஆந்திர, தெலங்கானப் பகுதிகளிலும் பரவிக் கிடக்கும் இவை எரிந்த மாட்டுச் சாணத்தால் ஆனவை என்று இராபர்ட் புரூஸ் ஃபூட் 19-ஆம் நூற்றாண்டிலேயே கருதினார். 1957-இல் உத்னூர் சாம்பல் மேட்டை அகழ்ந்த தொல்லியலாளர் ஆல்சின், மாட்டுப்பட்டியைச் சுற்றி நட்ட கம்பங்களின் குழிகளையும் மாட்டுக் குளம்புத் தடங்களையும் வெளிக்கொணர்ந்தார். சாணம் சேர்ந்திருக்கிறது, எரிக்கப்பட்டிருக்கிறது, அதே இடத்தில் மீண்டும் பட்டி எழுந்திருக்கிறது. பருவந்தோறும் மந்தையோடு அலைந்தவர்களும் ஓரிடத்தைத் தமதென்று கொண்டு தலைமுறைகளாகத் திரும்பி வந்தார்கள் என்பதே இதன் பொருள் என நான் கருதுகிறேன்.

உணவுக்கும் இங்கே தனி வரலாறு உண்டு. டோரியன் ஃபுல்லர் முதலியோர் ஆய்ந்த கரிந்த விதைகளில் சிறுதானியங்களும் கொள்ளும் பச்சைப்பயறுமே முதன்மை பெறுகின்றன. கோதுமையும் பார்லியும் வெளியிலிருந்து வந்து, சில ஊர்களில் மட்டும் இடம்பெற்றன. தமிழகத்தின் பையம்பள்ளியிலும் புதிய கற்கால அடுக்கில் பயறு வகைகள் கிடைத்துள்ளன. கி.மு. 2000-க்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் சங்கனக்கல்லு போன்ற குன்றுகளில் ஊர்கள் நிலைபெற்றன. அங்கே கற்கோடரிகள் பெருமளவில் செய்யப்பட்டன.

ஆகவே நிலைகுடி வாழ்வை ஒரு நாளில் நடந்த திருப்பமாகப் பார்க்காமல், மேய்ச்சலும் விதைப்பும் இணைந்து பல நூற்றாண்டுகளில் முதிர்ந்த வாழ்முறையாக ஆராய வேண்டும்.

இந்தக் கருத்தரங்கின் அவையிடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள். அகழும் ஒவ்வொரு குழியின் மண்ணையும் நீரிலிட்டு அலசி விதைகளைச் சேகரியுங்கள். காலக்கணிப்பை அந்த விதைகளிலேயே செய்யுங்கள். உரத்துக்காக அள்ளப்படும் சாம்பல் மேடுகளையும் கல்குவாரிக் குழிகளால் அரிக்கப்படும் குன்றுகளையும் காக்கக் குரல் கொடுங்கள். அழிந்த மண்ணடுக்கை எந்த அறிவியலாலும் மீட்க முடியாது.

இக்கடமையை ஏற்று அமர்வுகள் நடைபெற வாழ்த்தி, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.