ஆள் போன பிறகு வரும் ரிப்போர்ட்



கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் பார்க்கிற ஒருவர், கால் வழுக்கிக் கையை ஊன்றி விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி மணி இரண்டு. மணிக்கட்டு வீங்கிவிட்டது. சூப்பர்வைசர் பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார். எக்ஸ்ரே எடுத்தாகிறது. டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, “எலும்பு உடையலப்பா, சுளுக்குதான்” என்கிறார். ஒரு கட்டு, ஒரு ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை. விடிவதற்குள் ஆள் ரூமுக்குத் திரும்பிவிடுகிறார்.

அந்தப் படத்தை இன்னொருவரும் பார்க்க வேண்டும். படம் படிப்பதையே தனிப் படிப்பாகப் படித்த ரேடியாலஜிஸ்ட் அவர். ராத்திரியில் எல்லா ஆஸ்பத்திரியிலும் அவர் இருப்பதில்லை. காலையில் வந்தோ, வேறு ஊரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோ ரிப்போர்ட் எழுதுவார். பெரும்பாலும் இருவர் சொல்வதும் ஒன்றாகவே இருக்கும். எப்போதாவது மாறும். ராத்திரி டாக்டரைக் குறை சொல்ல நான் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் நெஞ்சுவலிக்காரரை வைத்துக்கொண்டுதான் அவர் இந்தப் படத்தைப் பார்த்திருப்பார்.

உங்கள் கட்டைவிரலை நன்றாக விரித்துப் பாருங்கள். மணிக்கட்டோரம், புறங்கைப் பக்கம் ஒரு சின்னக் குழி விழுகிறதா? அதற்கடியில் முந்திரிப் பருப்பு அளவில் ஓர் எலும்பு. பெயர் ஸ்கேபாய்டு. அதில் விரிசல் விட்டால் முதல் நாள் படத்தில் தெரியாமலே போகலாம். பத்துப் பதினாலு நாள் கழித்து எடுத்தால் பல சமயம் தெரியவரும். இந்த எலும்புக்குள் ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமிருந்து பின்னோக்கித்தான் ஓடுகிறது. குறுக்கே உடைந்தால் பின்பாதிக்கு ரத்தம் நின்று, மரம் பட்டுப்போவதுபோல எலும்பு பட்டுப்போகும். ஸ்பேனர் பிடித்துப் பிழைக்கிற கை அது. அதனால்தான் ரேடியாலஜிஸ்ட், ‘சந்தேகம் இருக்கிறது, திரும்ப எடுக்கவும்’ என்று எழுதுகிறார்.

விலா எலும்புக்காக எடுத்த நெஞ்சுப் படத்தில், நுரையீரலின் மேல் பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு தெரிவதும் உண்டு. காசநோயாக இருக்கலாம்; சளி பரிசோதித்தால்தான் உறுதி. அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். ஆனால் சேதி போய்ச் சேரவில்லை என்றால்? ஒரே ரூமில் எட்டுப் பேர் படுக்கிறார்கள்.

சேதி சொல்ல போன் போடுகிறார்கள். ஓ.பி. சீட்டில் இருப்பது காண்ட்ராக்டர் நம்பர். “அந்த ஆளா? ஊருக்குப் போயிட்டானே சார்” என்கிறார் அவர். அல்லது நம்பர் சரியாகவே இருக்கிறது, எடுத்தவர் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர், அவருக்கு ஒடியா மட்டும்தான் தெரிகிறது.

என்னைக் கேட்டால், ஆஸ்பத்திரிக்குப் புது மிஷினைவிட ஒரு நோட்டு அவசரம். காலையில் வந்த ரிப்போர்ட்டை ராத்திரி ரிஜிஸ்டரோடு ஒருவர் ஒத்துப்பார்க்க வேண்டும். எது மாறியது, யாருக்குப் போன் போட்டோம், யார் எடுத்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேல்சிகிச்சைக்குச் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ, 2022இல் திறந்த திருவள்ளூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ அனுப்பிய ஆளுக்கு, ரிப்போர்ட்டும் அங்கேயே போக வேண்டும்.

நாமும் கிளம்பும்போது, “ரேடியாலஜிஸ்ட் பார்த்துட்டாங்களா? ரிப்போர்ட்டுக்கு எப்ப வரணும்?” என்று கேட்டுவிடலாம். கூட வந்தவர் நம்பரோடு சொந்த நம்பரையும் கொடுக்கலாம். ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லியும் நாலு நாளில் வலி குறையவில்லையா, அதே சீட்டோடு திரும்பப் போங்கள்.

ஒடிசா போகிற கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கும்மிடிப்பூண்டி வழியாகத்தான், நிற்காமல் போகிறது. சென்னைக்குப் போய் அதில் ஏறுகிற தம்பி உங்கள் பக்கத்து ரூமில் இருந்தால், எக்ஸ்ரேயை மடிக்காமல் பெட்டியின் அடியில் வைக்கச் சொல்லுங்கள். சீட்டில் தமிழில் எழுதியிருந்தாலும், அங்கே இருக்கிற டாக்டர் படத்தைப் படித்துக்கொள்வார்.