இதயத் துடிப்பும் கைக்கருவியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவன் நான். மருத்துவம் கற்றவனல்லன். வீட்டிலே உடற்பயிற்சி செய்வோர் இதயத் துடிப்பை அளக்கும் கருவியை எவ்வாறு தேர்ந்துகொள்வது என்பதைப் பட்டறிவால் சொல்ல வந்தேன்.

சென்ற ஆண்டு எனக்குச் சர்க்கரை கண்டது. நாள்தோறும் உடற்பயிற்சி செய்யச் சொன்னார் டாக்டர். மணிக்கட்டுப் பட்டை ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு, கூடத்தில் நின்ற இடத்திலேயே ஓடினேன். பட்டை 168 என்று காட்டிற்று! என் வயது 46. 220-இல் வயதைக் கழித்தால் வரும் 174-தான் துடிப்பின் உச்ச எல்லை என்பது பொதுக் கணக்கு. அஞ்சிப்போய் இரண்டு வாரம் பயிற்சியையே விட்டுவிட்டேன்.

என் துணைவியார்தாம், "கையால் நாடியை எண்ணிப் பாருங்களேன்" என்றார். மறுநாள் ஓடி நின்றவுடன் 15 விநாடி எண்ணினேன், 30 துடிப்பு. நான்கால் பெருக்கினால் 120. மிதமான பயிற்சிக்கு உச்ச எல்லையில் பாதி முதல் 70 விழுக்காடு வரை இருக்கலாம் என்பர். எனக்கு அது 87 முதல் 122. சரியான அளவிலேதான் ஓடியிருக்கிறேன்! தளர்ந்து கிடந்த பட்டை, என் காலடிகளையே துடிப்பென்று எண்ணிவிட்டது. இறுக்கிக் கட்டியபின் இரண்டு கணக்கும் ஒத்தன.

மணிக்கட்டுப் பட்டை, தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி, திரும்பும் ஒளியைக் கொண்டு குருதியோட்டத்தைக் கணிப்பது. கை ஆடினால் பிழை நேரும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, நகராதபடி கட்ட வேண்டும். நடைப்பயிற்சிக்கு இது போதும்.

மார்பில் கட்டும் வார், இதயத்தின் மின்துடிப்பையே நேராகப் பெறுவது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல் கம்பியில்லாத இத்தகைய கருவியை வெளியிட்டது. உட்புறத்தை நீரால் நனைத்துக் கட்ட வேண்டும். கயிறு தாண்டுதல் போன்ற விரைந்த பயிற்சிகளுக்கு இதுவே நம்பத்தக்கது.

இரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகள் துடிப்பைக் குறைத்துவிடும். அவற்றை உண்போருக்கு மேற்சொன்ன கணக்குப் பொருந்தாது. அவர்கள் டாக்டரிடம் தம் அளவைக் கேட்டறிக.

அன்பர்களே! வண்டி புறப்படுமுன் கார்டு தம் கடிகாரத்தை நிலையக் கடிகாரத்தோடு ஒத்துப் பார்ப்பது ரயில்வே வழக்கம். அவ்வாறே எக்கருவியை வாங்கினும் முதலில் விரலால் நாடியை எண்ணி ஒத்துப் பாருங்கள். மார்பு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, கருவி எந்த எண்ணைக் காட்டினும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவ உதவி நாடுங்கள். பிறந்த ஊரை விட்டு வந்து உழைக்கும் நமக்கு உடலே முதல்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!