கதவுக்கு அப்பால் ஒரு மேசை



இம்மண்டபத்தில் உங்களுக்கு நாற்காலிகள் இடப்பட்டிருக்கும் முறையை மேடையிலிருந்தபடியே கவனித்துக்கொண்டிருந்தேன். பதிவெண் வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள் என்று பதிவாளர் சொன்னார். யாருக்குப் பக்கத்தில் யார் என்பதைப் பற்றி உங்களுள் எவரும் இன்று ஒரு கணமேனும் சிந்தித்திருக்கமாட்டீர்கள். ஆனால், ஒரு மாணவர் தம் வகுப்பறையில் எந்த இடத்தில் அமரலாம் என்ற வினாவை முன்வைத்து, ஒரு பெரிய தேசத்தின் உச்ச நீதிமன்றம் கூடி, இரு தரப்பு வாதங்களையும் கேட்டு, ஏகமனதாகத் தீர்ப்புக் கூற வேண்டிய நிலை ஒரு காலத்தில் நேர்ந்தது. பட்டமளிப்பு விழாவில் உபதேசம் செய்வது மரபு. அது எனக்குக் கைவராத வித்தை. ஆகையால் அந்த வழக்கின் கதையைச் சொல்லி அமைகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. சட்டத்தின் சமமான பாதுகாப்பு எல்லோருக்கும் உண்டு என்று, 1868-இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த பதினான்காவது திருத்தம் உறுதி கூறிற்று. அவ்வுறுதியை வெளிப்படையாக மறுக்கத் துணியாத தென் மாநிலங்கள், அதற்குள்ளேயே ஒரு சந்து கண்டுபிடித்தன. லூயிசியானாவில் வெள்ளையருக்கென ஒதுக்கிய ரயில் பெட்டியில் அமர்ந்ததற்காக ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் 1892-இல் கைதானார்; பெட்டிகள் தனித்தனியாயினும் சமமாக இருந்தால் சாசனத்துக்குப் பழுதில்லை என்று 1896-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் தண்ணீர்க் குழாயடியிலும் இடுகாட்டிலும் ‘தனி’ என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ‘சமம்’ என்பது காகிதத்தில் இருந்தது.

ஒக்லஹோமா மாநிலம் ஒரு படி மேலே போயிற்று. வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் ஒரே கல்விச்சாலையில் சேர்த்து நடத்துவதும், அவர்களுக்குப் போதிப்பதும், அங்கே சென்று படிப்பதும் அன்று அம்மாநிலத்தில் குற்றம். பல்கலைக்கழகத் தலைவருக்கு நாளொன்றுக்கு 500 டாலர் வரை அபராதம். கறுப்பினத்தவரோடு சேர்ந்து படிக்கும் வெள்ளை மாணவனுக்கும் நாளொன்றுக்கு 20 டாலர் வரை அபராதம். தாமாகவே விலகி நிற்கக்கூடியவர்களை அபராதம் விதித்து விலக்கி வைப்பானேன் என்று, அச்சட்டத்தை இயற்றிய கனவான்களை யாரேனும் கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்குமோ!

1946-இல் ஏடா லோயிஸ் சிப்யுவெல் என்ற கறுப்பின இளம் பெண், நார்மன் நகரத்து ஒக்லஹோமாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க விண்ணப்பித்தார். அவருக்குத் தகுதியில் குறைவில்லை. இனம் ஒன்றே தடை. பல்கலைக்கழகத்தின் தலைவர் அதை மறைக்காமல் கடிதமாகவே எழுதிக் கொடுத்தார். வழக்குத் தொடுக்க அந்தக் கடிதம் போதுமானதாயிற்று. வெள்ளையருக்கு அளிப்பதுபோலவே, அதே காலத்தில், அவருக்கும் சட்டக் கல்வி அளிக்க வேண்டும் என்று 1948 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, மாநிலத்தார் செய்த காரியம் விநோதமானது: சட்டசபைக் கட்டடத்தில் சில அறைகளை ஒழித்து, மூன்று ஆசிரியர்களை நியமித்து, சில தினங்களுக்குள்ளேயே கறுப்பினத்தவருக்கென்று ஒரு சட்டக் கல்லூரியைத் திறந்துவிட்டார்கள்! அந்தக் கல்லூரியில் காலெடுத்து வைக்கச் சிப்யுவெல் மறுத்தார். நார்மனில் வெள்ளை மாணவர்கள் திரளாகக் கூடி, பதினான்காவது திருத்தத்தின் பிரதியொன்றைக் கொளுத்தி, அதன் சாம்பலை ஜனாதிபதி ட்ரூமனுக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். இருபது டாலர் அபராதத்துக்கு உட்பட்டவர்கள் இவர்கள்தாம் என்பதை நினைவில் வையுங்கள்.

அவ்வாண்டிலேயே அப்பல்கலைக்கழகத்துக்கு மற்றொருவர் வந்தார். ஜார்ஜ் மெக்லாரின் என்பது அவர் பெயர். ஏற்கெனவே முதுகலைப் பட்டம் பெற்று, நெடுங்காலம் ஆசிரியத் தொழில் பார்த்து, நரை திரண்ட பிறகு, கல்வித் துறையில் டாக்டர் பட்டத்துக்காகப் படிக்க விரும்பிய அவரைச் சேர்த்துக்கொள்ள நேர்ந்த பல்கலைக்கழகம், சேர்த்துக்கொண்டும் சேராமல் வைக்கும் ஓர் உபாயத்தைக் கையாண்டது. வகுப்பறையை அடுத்த சிறு அறையில், கதவு நிலைக்கு அப்பால், அவருக்கென்று ஒரு மேசை. அங்கிருந்தபடியே அவர் பாடம் கேட்கவேண்டும். நூலகத்தில் இடைமாடியில் ஒரு மேசை. எல்லோரும் படிக்கும் கூடத்தில் அவர் அமரலாகாது. உணவு விடுதியில், பிறர் உண்ணும் வேளையில் அவர் உண்ணலாகாது. அக்காலத்துப் புகைப்படம் ஒன்று உண்டு: வகுப்பில் மாணவர்கள் வரிசையாக அமர்ந்திருக்க, இப்பால் தனியே ஒரு முதியவர். அவரை எவரும் அடிக்கவில்லை, வைததாகவும் தெரியவில்லை. ஒரு மேசையை நகர்த்திப் போட்டார்கள், அவ்வளவே.

மெக்லாரின் தொடுத்த வழக்கு மேல்நீதிமன்றத்துக்குப் போகப் போக, அந்த மேசையும் சிறிது சிறிதாக உள்ளே நகர்ந்தது. கதவைத் தாண்டி வகுப்புக்குள் வந்தது. ஆனால் சுற்றிலும் ஒரு கம்பித் தடுப்பு, அதில் ‘கறுப்பினத்தவருக்கு’ என்று ஒரு பலகை. பிறகு அதையும் அகற்றினார்கள். ஒரு வரிசை மட்டும் தனியாயிற்று. விடுதியில் அதே வேளையில் உண்ணலாம். மேசை மட்டும் வேறு. இனி என்ன குறை, அதே ஆசிரியர், அதே புத்தகம், அதே பரீட்சை, பாகுபாடு பெயரளவில்தானே என்று மாநிலத்தார் வாதித்தார்கள். பெயரளவு என்றால் அதை ஏன் விடமாட்டீர்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

1950 ஜூன் 5-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வின்சன் தீர்ப்பை வாசித்தார். உணவு வாங்கும் வரிசையில் நிற்கும்போது மெக்லாரின் சக மாணவர்களோடு பேசலாம், உண்ணும்போது மட்டும் விலகி உட்காரவேண்டும் என்ற அந்தச் சிறு விவரத்தையும் விடாமல் குறிப்பிட்டு, பிறரோடு கலந்து விவாதிப்பதும் கருத்துப் பரிமாறுவதும் தடைப்பட்டால் அவர் தம் தொழிலையே செம்மையாகக் கற்க இயலாது என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். அவர் ஆசிரியர் ஆகையால், அந்தக் குறை அவரிடம் பயிலப்போகும் பிள்ளைகளையும் சேரும் என்றும் சொன்னார்கள். சக மாணவர்கள் அவரோடு பழகாமல் போகலாம், அது வேறு. பழக விடாமல் அரசாங்கமே குறுக்கே நிற்கலாகாது என்பது தீர்ப்பின் சாரம். சிப்யுவெலுக்காக வாதாடியவரும் இவ்வழக்கின் பின்னே நின்றவருமான தர்குட் மார்ஷல், நான்கு ஆண்டுகள் சென்றபின் பள்ளிக்கூடப் பாகுபாட்டையே வீழ்த்திய வழக்கிலும் வென்று, 1967-இல் அதே நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

இதையெல்லாம் தூர தேசத்துச் சங்கதி என்று கேட்டுக்கொண்டிருக்க நமக்கு உரிமையில்லை. 1959-இல் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்குச் சென்றபோது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று அவரைத் தலைமையாசிரியர் அறிமுகம் செய்தாராம். முதலில் திடுக்கிட்டுச் சற்றே மனம் கசந்தாலும், யோசித்துப் பார்த்தபின் அது உண்மைதான் என்று கண்டதாகக் கிங் பிற்காலத்தில் சொன்னார். அந்தத் தலைமையாசிரியருக்கு அகராதி தேவைப்படவில்லை.

தீர்ப்புகளால் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று நான் சொல்லவரவில்லை. 1930-களில் அமெரிக்க மத்திய அரசின் நிறுவனமொன்று நகரங்களின் வரைபடத்தில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வர்ணம் தீட்டியது. அத்தகைய பகுதிகளில் வீட்டுக் கடன் மறுக்கப்பட்டதால், தந்தை வாங்காத வீட்டை மகன் எப்படி அடைவான்? வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையேயான செல்வ வித்தியாசம் இன்றும் நிற்கிறது. மேசையை நகர்த்திப் போடுவதைவிட வரைபடத்தை மாற்றுவது கடினம்.

சிப்யுவெலைப் பற்றிச் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. 1949 கோடையில் நார்மனில் சட்டம் படிக்க இடம் பெற்று, முதலில் கடைசி வரிசையில் தனித்து ஒதுக்கப்பட்ட நாற்காலியில் அமர்ந்து, படித்துத் தேறி வழக்கறிஞரான அவர், 1992-இல் அப்பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவில் உறுப்பினராக நியமனம் பெற்றார். அவர் தொடுத்த வழக்கில் எதிர்த்தரப்பாகப் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது அந்த ஆட்சிக்குழுதான்.

மெக்லாரின் தீர்ப்பு மிகவும் சிறியது. ஒரு மாலைப் பொழுதுக்குள் படித்து முடிக்கலாம். உங்களுள் பலர் நாளை பிறருக்கு இடம் ஒதுக்கும் உத்தியோகங்களில் அமரப்போகிறீர்கள். அதற்கு முன்பாக ஒருமுறை அதைத் தேடிப் படித்துவிடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.