சிறு கடையும் ஊராட்சியின் பொறுப்பும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நிலமற்றோரும் மானாவாரி நிலத்தை நம்பி வாழ்வோரும் கோடையில் வேலையின்றி வாடுங்கால், முதலில் நினைப்பது ஒரு பெட்டிக்கடை அல்லது ஒரு தள்ளுவண்டி. முதல் குறைவு, வீட்டாரே உழைக்கலாம். ஆயினும் ஆடியில் திறந்த கடை தை பிறப்பதற்குள் மூடப்படுவதைப் பல ஊர்களில் காண்கிறோம். கடை மூடும்போது வீட்டிலுள்ள தோடும் தொழுவத்திலுள்ள ஆடும் அதனோடு போய்விடுகின்றன. அந்நிலை நேராதிருக்கச் சில செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

முதலாவது இடம். பேருந்து நிற்குமிடம், பள்ளி, பால் கூட்டுறவுச் சங்கம், நியாயவிலைக் கடை ஆகியவற்றின் அருகே ஒரு நாள் முழுவதும் அமர்ந்து, எத்தனை பேர் எந்நேரத்தில் வருகின்றனர், எதைக் கேட்கின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். அண்டை வீட்டார் செய்வதைப் பார்த்து நாமும் அதே கடையை வைத்தால், ஒருவர் பிழைக்கும் இடத்தில் இருவரும் நலிவுறுவர்.

இரண்டாவது கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். தள்ளுவண்டிக்காரர் ஒருவர் 25 கிலோ தக்காளியைக் கிலோ 20 ரூபாய் வீதம் 500 ரூபாய்க்கு வாங்கி, 28 ரூபாய்க்கு விற்கிறார். முழுவதும் விற்றால் 700 ரூபாய் வரும், மிச்சம் 200. மூன்று கிலோ அழுகிவிட்டால் 84 ரூபாய் குறைந்து மிச்சம் 116 ஆகிவிடும். ஏற்றிவர 40 ரூபாய் செலவானால் கையில் நிற்பது 76. மூன்று கிலோ சிறிதென்று தோன்றும்; ஆதாயத்தில் அது ஐந்தில் இரண்டு பங்கைத் தின்றுவிடுகிறது. ஆகவே அழுகும் பொருளை நாள்தோறும் சிறிதளவே வாங்குதல் நன்று. கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் வெவ்வேறு பெட்டியில் வையுங்கள். கடன் கொடுப்பதற்கும் ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது முதல். கடைக்காரரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் தண்டல் வட்டியே. 10,000 ரூபாய் என்று எழுதி, 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 தருவார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்டவேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்பர். நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் இவ்வட்டி நூற்றுக்கு 75-ஐத் தாண்டுகிறது. மிகை வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் பெறலாம். 2015-இல் தொடங்கப்பெற்ற முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றி வங்கிக் கடனும் கோரலாம்.

இனிச் சட்டம். தின்பண்டமோ தேநீரோ விற்பவர், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். தராசும் எடைக்கற்களும் முத்திரை பெற்றிருக்க வேண்டும். 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை உள்ளது. வாழையிலையும் மந்தார இலையும் நம்மிடம் இருக்கின்றனவே. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதையும், கல்விக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதையும் 2003-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடுக்கிறது. பீடியும் சிகரெட்டும் இல்லாவிடில் பெட்டிக்கடை ஓடாது என்பர் சிலர். கடலை மிட்டாய், அவித்த கிழங்கு, மோர், எழுதுபொருள் ஆகியவற்றைக் கொண்டு முயன்று பாருங்கள் என்பதே நமது வேண்டுகோள். நம் பிள்ளைகளின் நுரையீரலைக் கெடுத்து வரும் காசு நமக்கு வேண்டாம்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு சொல். தெரு வணிகரைக் காக்கும் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் நகரங்களுக்கும் பேரூர்களுக்கும் உரியது. அங்கு விற்பனைக் குழு உண்டு, சான்றிதழ் உண்டு. சிற்றூரில் அத்தகைய குழு இல்லையாதலின், அப்பொறுப்பை நீங்களே ஏற்றல் வேண்டும். நெடுஞ்சாலைத் துறைக்கு உரிய இடத்தில் கடை போட ஊராட்சி இசைவு தர இயலாது. அங்கே போட்ட கடை என்றேனும் அகற்றப்படும். ஆகவே ஊராட்சிக்கு உரிய இடத்தில், சாலைக்கும் வடிகாலுக்கும் ஊறின்றி, நிழலும் குடிநீரும் குப்பைத் தொட்டியும் அமைத்துச் சில மனைகளை ஒதுக்கிக் கொடுங்கள். யாருக்கு ஒதுக்குவது என்பதைக் கிராம சபையில் எல்லோரும் அறிய முடிவு செய்யுங்கள். கணவனை இழந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதலிடம் கொடுங்கள். தலைவரின் உறவினர் என்பதற்காக ஓரிடம் போனால், அன்றே ஊரார் நம்பிக்கையும் போய்விடும்.

உழவர் பெருமக்களே! உங்கள் தோட்டத்துக் காய் நகரச் சந்தைக்குச் சென்று, மீண்டும் உங்கள் ஊர்க் கடைக்கே வருகிறது. இடையிலுள்ள ஏற்றுகூலியையும் தரகையும் தருவது யார்? விளைவித்தவரும் வாங்குபவருமே அல்லவா? விளைச்சலில் ஒரு பங்கை உள்ளூர்த் தள்ளுவண்டிக்கு நேரே கொடுத்தால் இருவருக்கும் ஆதாயம். ஊருக்கும் புதிய காய் கிடைக்கும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இப்பொருளை வைத்து, இடத்தைத் தேர்ந்து, தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள். வட்டார அலுவலகம் வேண்டிய உதவியைச் செய்யக் காத்திருக்கிறது.