விடை சொல்லும் பொறியும் வினவி அறியும் மருத்துவமும்

(பொத்தேரியில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்கொளத்தூருக்கும் இடையே, ஏரியைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது இப் பொத்தேரி. இன்று பெருஞ்சாலையோரம் பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் எழுந்துள்ளன. தொலைவூர்களிலிருந்து வந்த மாணவர் பல்லாயிரவர் குடிக்கூலி அறைகளில் வாழ்கின்றனர். தலை வலித்தால் தாயைக் கேட்டது ஒரு காலம். இன்றோ நள்ளிரவில் வயிறு வலித்தாலும் கை முதலில் நாடுவது கைப்பேசியையே. அதனுள் இருக்கும் உரையாடு பொறி உடனே விடை சொல்கிறது.

2022 நவம்பரில் 'சாட் சிபிடி' வெளிவந்தது. அதன்பின் அத்தகைய பொறிகள் பல தோன்றிவிட்டன. அளவிறந்த எழுத்துகளைப் பயிற்றுவித்து, எச்சொல்லின் பின் எச்சொல் வரும் எனக் கணிக்கப் பழக்கப்பட்டவை அவை. அவற்றிற்கு நாடி பிடிக்கக் கையில்லை. முகம் பார்க்கக் கண்ணில்லை.

எனினும் மக்கள் அவற்றை நாடுவதைப் பழித்தல் முறையன்று. குருதி ஆய்வுத் தாளை ஆங்கிலத்தில் அச்சிட்டுக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். மாத்திரை உறையிலும் ஆங்கிலம். மருத்துவரிடம் ஐயம் கேட்க நேரமில்லை; கேட்டாலும் விளங்கும் மொழியில் விடை வருவதில்லை. பொறியோ சினவாது; கூலி கேளாது; வாய்விட்டுச் சொல்லக் கூசும் நோயையும் இழிவாக எண்ணாது; நூறுமுறை கேட்டாலும் தமிழிலேயே விளக்கும். தாகத்தால் தவிப்பவன் கிடைத்த நீரைக் குடிப்பது இயல்பே. ஆனால் குடிக்கும் நீர் எத்தகையது என்று அறிந்து குடிக்க வேண்டாவா?

ஆய்வுத் தாளிலுள்ள சொல்லுக்குப் பொருள் கேட்பது ஒன்று. நோய் இன்னதென்று தீர்ப்புக் கேட்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்கிக் கொள்வதில்தான் ஏதம் புகுகிறது.

அமெரிக்காவில் 60 அகவையினர் ஒருவர், உணவிலுள்ள குளோரைடை அறவே நீக்க எண்ணிப் பொறியை நாடினார். அதனோடு உரையாடியபின், கறியுப்புக்கு மாற்றாகச் சோடியம் புரோமைடை வாங்கி மூன்று திங்கள் உண்டார். அண்டை வீட்டார் தமக்கு நஞ்சிடுவதாக ஐயுற்று மருத்துவமனைக்கு வந்தார். இல்லாதவற்றைக் கண்டார், கேட்டார். புரோமைடு நஞ்சேற்றம் என மருத்துவர் கண்டறிந்தனர். மூன்று கிழமை அங்கேயே கிடந்து தேறினார். 2025 ஆகத்தில் மருத்துவ இதழொன்றில் இச் செய்தி வெளியாயிற்று. குளோரைடின் இடத்தில் புரோமைடு நிற்கக்கூடும் என்பது துப்புரவுப் பணி போன்றவற்றிற்குப் பொருந்தலாம். 'எதற்காகக் கேட்கிறீர்?' என்று ஒரு மருத்துவர் வினவியிருப்பார். அவ்வொரு வினா இல்லாமற் போனதே கேடாயிற்று.

கடல் கடந்த நாட்டுச் செய்தி என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. நம் மண்ணுக்கே உரிய நிலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஏரிக்கரை அருகே ஒரு குடிசை. தரையில் பாய் விரித்து உறங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுகிறார். பொறியைக் கேட்கிறார். செரியாமையாக இருக்கலாம், வெந்நீர் பருகி ஓய்வெடுக்கலாம் என்று விடை வருகிறது. வயிறு வலிக்கும் பெரும்பாலார்க்கு அவ் விடை பொருந்தும், அவர்க்குப் பொருந்தாது. இரவில் அவரைத் தீண்டியது கட்டுவிரியன். அதன் கடியில் பெரும்பாலும் வலியில்லை, வீக்கமில்லை. பல்தடமும் தெரியாமற் போகலாம். வயிறு வலிக்கும், இமை தாழும், நாக்குக் குழறும், பின் மூச்சு நிற்கும். பட்டறிவுள்ள மருத்துவர், 'இரவு எங்கே படுத்தீர்? கண்ணைத் திறந்து மேலே பாரும்' என்பார். பொறியும் சிலபோது வினவக்கூடும். ஆனால் தன் இமை தாழ்வதைத் தானே காண்பவர் எவர்? காணாததை அவர் எங்ஙனம் எழுதுவார்? எழுதாததைப் பொறி எங்ஙனம் அறியும்?

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலக்கம் என ஆய்வாளர் கணித்துள்ளனர். அவர்களைக் காக்கும் மருந்தின் மூலம் இம் மாவட்டத்திலேயே கிடைக்கிறது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுக் கழகம் 1978இல் தோன்றியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சை அவர்கள் எடுத்துத் தருகின்றனர். அதனைக் குதிரைக்குச் சிறிது சிறிதாய்ச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து நச்சுமுறி மருந்து செய்யப்படுகிறது. இம் மாவட்டத்து இருளர்களாகிய வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் தாமரைத்திரு விருது பெற்றனர். தடம் பார்த்துப் பாம்பை அறியும் அவர்தம் அறிவு கண்ணிலும் கையிலும் வாழ்வது. ஏட்டில் ஏறாத அறிவு பொறியிலும் ஏறாது.

மொழியின் நிலையும் அதுவே. பொறிகள் கற்ற மருத்துவத்தில் மிகப்பெரும் பகுதி ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தமிழில் எழுதப்பட்டது சிறிது. நெஞ்சில் எழும் வலியை நம் மக்கள் 'வாய்வுப் பிடிப்பு' என்கின்றனர். வாய்வுக்கு மருந்து கேட்டால் வாய்வுக்கே விடை வரக்கூடும். அது நெஞ்சடைப்பாயின், இஞ்சிச்சாறு பருகிக் காத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் உயிரைத் தின்னும்.

இக் குறை பொறியின் குறை மட்டுமா? மருத்துவத்தைத் தமிழில் எழுதாத நம் குறையும் அன்றோ? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் பயிற்றினார், நூல்களையும் மொழிபெயர்த்தார். அவர் ஆண்ட கலைச்சொற்களில் வடசொல் மிகுதி. அது அன்றைய வழக்கு. ஆயினும் தமிழால் முடியும் என்று காட்டியவர் அவர். 1884இல் மறைந்த அவர்தம் கல்லறையில், தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்றே பொறிக்கப்பட்டுள்ளது. அயலார் ஒருவர் தொடங்கியதை நாம் தொடராது விட்டோம். தமிழ்நாட்டில் மேனாட்டு மருத்துவப் பட்டக் கல்வி இன்றும் ஆங்கிலத்திலேயே நடக்கிறது.

வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்தார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர். பொறி இந் நான்கில் ஒன்றாகாது. மருத்துவர் சொன்னதை விளக்கும் ஏடாக மட்டும் இருக்கலாம்.

ஆகவே இல்லந்தோறும் இவற்றை நெஞ்சிற் கொள்ளுங்கள். ஆய்வுத் தாளின் பொருளைப் பொறியிடம் கேளுங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்களை அதன் துணையால் எழுதிச் செல்லுங்கள். அதன் சொல் கேட்டு மருந்தைத் தொடங்கவும் நிறுத்தவும் வேண்டா. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒருபக்கம் கைகால் தளர்தல், பாம்புக் கடி, குழந்தையின் வலிப்பு ஆகியவற்றில் எதனையும் யாதொரு பொறியையும் கேளாமல் 108ஐ அழையுங்கள். பாம்பு தீண்டினால் இறுகக் கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல், தீண்டிய உறுப்பை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

இங்கு அமர்ந்திருக்கும் மருத்துவ மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் கற்பதைத் தமிழில் எழுதுங்கள். நோயாளியிடம் அவர் மொழியில், அவர்க்கு விளங்கும்வரை பேசுங்கள். கட்டிலருகே நின்று கனிவோடு தமிழில் வினவும் மருத்துவர் இருக்குமிடத்தில், நள்ளிரவில் பொறியைத் தேடும் நிலை யார்க்கும் வாராது.

வாழ்க தமிழ்! வாழ்க நலமுடன் தமிழ் மக்கள்!